பழையவரும் புதியவரும் – கல்கத்தாக் கால்பந்துக் கழகங்களின் வரலாறு நமக்குத் தரும் பாடம்

ஒரு சங்கம் கால் நூற்றாண்டைக் கடந்து நிற்குமாயின், அதன் உறுப்பினருள் இரு வகையினர் இருத்தல் இயல்பே. தொடக்க நாளில் சந்தா செலுத்திச் சங்கத்தை நிலைநிறுத்தியவர்களும் அவர்தம் மக்களும் ஒரு வகையினர். பின்னாளில் வந்து சேர்ந்தோர் மற்றொரு வகையினர். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படியே உள்ளது. வானம் பார்த்த கரிசல் நிலம் பொய்த்த காலங்களில், பட்டாசு ஆலைகளையும் தீப்பெட்டி ஆலைகளையும் நாடி மக்கள் ஊர்விட்டு ஊர் வந்தனர். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் இங்கே வேர் பிடித்தோரும் உளர். ஆண்டுகள் பல சென்ற பின்னும், "அவர்கள் பிறகு வந்தவர்கள்தாமே" என்னும் சொல் நம்மிடையே ஒழிந்தபாடில்லை.

பழையவருக்குரிய உரிமை எது? புதியவருக்குரிய இடம் எது? ஒரு கொடியின்கீழ் நின்று ஆர்ப்பரிப்பதனால் மட்டும் ஒருவர் அக்கூட்டத்துக்கு உரியவர் ஆகிவிடுவாரா? இவ்வினாக்களுக்கு விடை காண, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரின் கால்பந்துக் கழகங்களின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கல்விச் சங்கத்துக்கும் கால்பந்துக்கும் யாது தொடர்பு என்று இளைஞர்கள் வினவலாம். யார் நம்மவர் என்ற வினா, அந்நகரின் விளையாட்டுத் திடலில் எழுந்த அளவுக்கு இந்நாட்டில் வேறெந்தத் திடலிலும் எழுந்ததில்லை என்பதே நம் விடை.

வெறுங்காலின் வெற்றி

மோகன் பகான் கழகம் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வட கல்கத்தாவில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோர் அந்நகரின் வசதி படைத்த, கல்வி பெற்ற குடும்பத்தினர். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் அக்கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. முதல் கோலை ஆங்கிலேயர் போட்டனர். சிப்தாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பதினொருவருள் பதின்மர் காலணியின்றி ஆடினர். அடிமைப்பட்டிருந்த நாட்டில் அவ்வெற்றி வெறும் விளையாட்டு வெற்றியாகக் கொள்ளப்படவில்லை. வங்காளம் முழுவதும் அதனைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது.

இங்கு நாம் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த அணியில் ஆடியவர்களுள் பலர் கிழக்கு வங்காளத்தில் வேர் உடையவர்கள். பின்னாளில் 'மேற்கு வங்காளத்தாரின் கழகம்' என்று பெயர் பெற்ற கழகத்தின் முதற் பெருமையே கிழக்கிலிருந்து வந்தோரின் கால்களால் ஈட்டப்பட்டதாகும்.

ஒதுக்கப்பட்டதனால் பிறந்த கழகம்

1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்த ஜோராபகான் கழகம், கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை அணியில் சேர்க்காது விட்டது. அக்கழகத்தின் துணைத்தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி இதனை ஏற்கவில்லை. அவர் வெளியேறி, தம்மொத்தோருடன் கூடி, அதே ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். கிழக்கிலிருந்து வந்தோரை 'பாங்கால்' என்றும், மேற்கு வங்காளப் பூர்வீகத்தாரை 'கோட்டி' என்றும் நகரமக்கள் வழங்கினர். பேச்சு வழக்கும் சமையலும்கூட ஏளனத்துக்கு உரியனவாயின. இவர்களுக்கு ஹில்சா மீன், அவர்களுக்கு இறால் என்று உணவே கழகத்தின் அடையாளமாயிற்று.

புதிய கழகம் முதல் பிரிவுக்கு உயர முற்பட்டபோது, இந்தியக் கழகங்கள் இரண்டுக்குமேல் அப்பிரிவில் இடம்பெறலாகாது என்னும் விதி குறுக்கே நின்றது. அதனை நீக்கும் முயற்சியை, முன்பே உள்ளே இடம் பெற்றிருந்த இந்தியக் கழகங்களே எதிர்த்தன. எனினும் 1925-இல் ஈஸ்ட் பெங்கால் முதல் பிரிவில் ஆடியது. வெள்ளையர் பூட்டிய கதவைத் திறந்து உட்சென்றோர், பின்வரும் தம்மவருக்கு அதே கதவைச் சாத்த முயன்ற வரலாறு இது. நம்மைப் போன்றோர் இதனை மறவாதிருத்தல் நலம்.

1891-இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1940-இல் டூராண்டு கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. உரிய இடம் மறுக்கப்பட்டதாகக் கருதிய ஒரு சமூகம் தன் மதிப்பைத் திடலில் நிலைநாட்டியது என்று இதனைக் கூறலாம்.

அகதிகளின் கொடி

1947-இல் நாடு பிரிவினையுற்றது. கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவுக்கு வந்தனர். வீடும் நிலமும் இழந்தோர் ஜாதவ்பூர், விஜய்கட் முதலிய பகுதிகளின் காலி நிலங்களில் குடிசைகளை எழுப்பினர். குடும்ப அட்டையும் வேலையும் இன்றி அலைந்தோருக்கு, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்று அந்நகரிலே இருந்தது. செம்மையும் பொன்னும் கலந்த அதன் கொடி அவர்களுடைய முகவரியாயிற்று.

அக்காலத்தே அக்கழகத்துக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தோர் யாவர்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவர். 1949 முதல் 1953 வரை ஒன்றாக முன்னணியில் ஆடிய இவர்களை மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்றனர். ஐவரும் தென்னாட்டவர், எவரும் வங்காளியல்லர். கிழக்கு வங்காளத்தைக் கண்ணாற் காணாத இவர்களை அகதி மக்கள் தம் பிள்ளைகளாகவே கொண்டனர். மறுபுறம், மோகன் பகானின் அரணென விளங்கிய கோஷ்ட பால் கிழக்கு வங்காளத்துப் பரீத்பூர்ப் பகுதியில் பிறந்தவர். பிற்காலத்தில் அக்கழகத்தை விட்டு என்றும் அகலாத சுனி கோஸ்வாமியும் கிழக்கே கிஷோர்கஞ்சில் பிறந்தவரே. பிறந்த ஊரைக் கொண்டு ஒருவரின் பற்றினை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பற்று வெறியானபோது

பற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1975-ஆம் ஆண்டு ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்ற கணக்கில் மோகன் பகானை வீழ்த்தியது. அத்தோல்வியைத் தாங்காது ஓர் இளைஞர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் கார்டன் திடலில் இவ்விரு அணிகள் ஆடியபோது கூட்டத்தில் கலவரம் மூண்டது. அந்நெரிசலில் 16 பேர் இறந்தனர். காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களது நினைவாக அந்நாள் இன்றும் அந்நகரில் போற்றப்படுகிறது. அன்று கால்பந்து அன்பர்கள் குருதிக்கொடை அளிக்கின்றனர்.

நம் பகுதியிலும் தெருவுக்கொரு கபடிக் குழுவும் கைப்பந்துக் குழுவும் உண்டு. ஆட்டத்தில் எழும் சொற்பூசல் தெருப்பகையாகி, காவல் நிலையம்வரை சென்று, படிக்க வேண்டிய பிள்ளைகள் வழக்குக்கு அலையும் நிலையை நாம் அறிவோம். ஆகவே அந்தப் பதினாறு உயிர்களின் கதை நமக்கு அயலூர்க் கதையன்று.

கொடிக்குள்ளும் தரம்

இனி நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வருகின்றோம். அகதி என்பது ஒரே சொல். எனினும் அச்சொல்லுக்குள்ளும் சாதி இருந்தது. முதலில் வந்தோருள் பெரும்பாலோர் மேற்சாதியினர்; உறவும் கல்வியும் உடையோர். கல்கத்தாவிலேயே இடம் பிடிக்க அவர்களால் இயன்றது. 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின்னர் பெருந்திரளாக வந்த நாமசூத்திர உழவர்களோ முகாம்களில் அடைக்கப்பட்டனர். பின்னர் அவர்களுள் பெருந்தொகையினர் தண்டகாரணியத்துக்கும் பிற மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கல்லும் காடுமான அந்நிலத்தை விட்டு 1978-இல் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவுக்கு வந்து, தம் உழைப்பால் பள்ளியும் குடியிருப்பும் அமைத்தோரை, 1979-இல் அரசு முற்றுகையிட்டு வன்முறையால் வெளியேற்றியது.

இந்த நாமசூத்திர மக்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். 1946-இல் பம்பாய் மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் செல்லும் வழி அண்ணல் அம்பேத்கருக்கு அடைபட்டிருந்தபோது, ஜோகேந்திரநாத் மண்டலும் அவருடைய தோழர்களும் பாடுபட்டு வங்காளத்திலிருந்து அவரைத் தேர்ந்தனுப்பினர். நம் உரிமைகள் சட்டமாவதற்குத் துணைநின்ற மக்கள் பிரிவினையில் ஊரிழந்தனர். அகதிகளுள்ளும் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டனர். இதனைக் கழகத்தின் மீது குற்றம் சாட்டுவதற்காக நாம் எழுதவில்லை. ஒரு கொடியைத் தூக்கிப் பிடிக்கும் கைகள் பலவாயினும், அக்கொடியின் நிழல் எல்லார் மேலும் ஒன்றுபோல் விழுவதில்லை என்பதைக் காட்டவே எழுதுகின்றோம்.

கிரிக்கெட்டிலும் இதற்குச் சான்றுண்டு. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த பல்வங்கர் பாலு, புனாவில் திடல் பணியாளராயிருந்து பந்து வீசக் கற்றவர். 1906-இல் இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திடலில் அவர் எறிந்த பந்தை எல்லாரும் தொட்டனர். ஆயினும் தேநீர் அவருக்குப் புறத்தே, தனி மண்குவளையில் தரப்பட்டது. அணித்தலைமை அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. சகோதரர்கள் எழுப்பிய எதிர்ப்பின் பின்னரே, 1923-இல் அவர் தம்பி வித்தல் அணித்தலைவரானார். உழைப்பைப் பெற்றுக்கொள்வது வேறு. உரிமையைப் பகிர்ந்துகொள்வது வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பெயரும் ஒற்றுமையும்

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டினையும் குறிப்பிடுவோம். 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே. என்னும் புதிய கழகத்துடன் இணைக்கப்பட்டு, பெயரும் ஏ.டி.கே. மோகன் பகான் என மாற்றப்பட்டது. நூறாண்டைத் தாண்டிய பெயருக்கு முன்னே வேறொரு பெயர் ஒட்டப்பட்டதை ஆதரவாளர்கள் பொறுக்கவில்லை. முதியோரும் இளையோருமாக இடைவிடாது எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023-இல் அம்முன்னொட்டு நீக்கப்பட்டது. பங்கு முதல் இல்லாத, ஆனால் பற்று மிகுந்த மக்களின் குரலுக்கு உரிமையாளரும் செவிசாய்க்க நேர்ந்தது.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், கல்கத்தா மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவப் பெண் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 18-ஆம் நாள் நடைபெறவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அன்று இரு கழகத்து ஆதரவாளர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆதரவாளர்களும் திடலின் வெளியே ஒன்றுகூடி, அப்பெண்ணுக்கு நீதி கேட்டு முழங்கினர். நூறாண்டுப் பகையினர் தோளோடு தோள் நின்று காவலரின் தடியடிக்கு ஆளாயினர். தத்தம் கொடியை எவரும் கைவிடவில்லை. கொடிகள் அருகருகே பறந்தன.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கத்தார் கொள்ளத்தக்கவை சில உள. பழையவரின் தியாகம் போற்றத்தக்கது, அது மறக்கப்படலாகாது. தொடக்க நாள் நடவடிக்கைக் குறிப்பேடுகளை இளைஞர்கள் எடுத்துப் படித்து, யார் யார் எவ்வாறு உழைத்தனர் என்று அறிதல் வேண்டும். ஆயினும் அத்தியாகம் பின்வந்தோரைத் தடுக்கும் வேலியாகக் கூடாது. கல்கத்தாத் திடல்களில் உறுப்பினருக்குத் தனி மாடம் இருந்தது. சீட்டு வாங்க இயலாதோர் கோட்டை மேட்டில் நின்று ஆட்டம் கண்டனர். அம்மேட்டில் நின்றோரின் பற்று மாடத்தில் அமர்ந்தோரின் பற்றினும் குறைந்ததன்று. நம் பொதுக்குழுவிலும் கடைசி வரிசையில் நிற்போர் எவர் என்று திரும்பிப் பார்ப்போமாக. ஆலை வேலை முடித்து, கையில் கந்தகக் கறையோடு மாலைப் பள்ளிக்குத் தம் பிள்ளையை அழைத்து வரும் தாய் இச்சங்கத்துக்கு உரியவளா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு வாக்குண்டா, நிர்வாகக் குழுவில் இடமுண்டா என்றே கேட்டல் வேண்டும்.

புதிதாய் வந்தோருக்கும் ஒரு சொல். ஆதரவாளராக நின்று கைதட்டுவதோடு அமையாது, பொறுப்பை ஏற்க முன்வாருங்கள். கணக்கு எழுதுங்கள், நூலகம் திறங்கள், சிறுவர்க்குப் பாடம் சொல்லுங்கள். அப்பணிகளின் வாயிலாகவே சங்கம் உங்களுடையதாகும்.

ஒதுக்கப்பட்டவர்களாகிய நாம், நமக்குள் ஒருவரையொருவர் ஒதுக்குவோமாயின், இச்சங்கம் எதற்காகத் தோன்றியதோ அந்நோக்கமே பழுதுபடும். வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பின்னே வருவோருக்குக் கதவைத் திறந்து வைப்போம் என்று பழையவரும் புதியவரும் ஒருங்கே உறுதி கொள்வோமாக.