'இவன்தான் திருடன், ஷேர் பண்ணுங்க': சிசிடிவி வீடியோவை குரூப்பில் போடலாமா?

மயிலாப்பூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் ராத்திரி பைக் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் சிசிடிவி காட்சி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். மதியத்துக்குள் தி.நகர், அடையாறு குரூப்கள் வரை போய்விடும். ஆனால், வீடியோவில் இருப்பவர் வண்டியைத் திருடியவர்தானா?

போலீஸே வெளியிடுகிறதே?

புலனாய்வுக்குத் தேவைப்பட்டால் போலீஸ் வெளியிடும். 2016 ஜூன் 24-ம் தேதி நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஸ்டேஷனில் சிசிடிவி இல்லை. பக்கத்துத் தெருவில் பதிவான காட்சியை வைத்து, சந்தேக நபரின் படத்தை போலீஸ் வெளியிட்டது. ஜூலை 1-ம் தேதி இரவு நெல்லை மாவட்டத்தில் ஓர் இளைஞர் கைதானார். செப்டம்பர் 18-ம் தேதி புழல் சிறையில் அவர் உயிரிழந்தார். ஊரே பார்த்த முகம் அது. ஆனால் அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

நாம் பகிர்ந்தால் என்ன ஆகும்?

ஆள் மாறியிருந்தால், 'திருடன்' என்று எழுதியதற்கே அவதூறு வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு: உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புகார் அவதூறு ஆகாது. வீடியோவை ஸ்டேஷனில் கொடுப்பதற்கும் குரூப்பில் போடுவதற்கும் இதுதான் வித்தியாசம்.

வீடியோவில் இருப்பது 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இன்னும் கவனம் தேவை. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரிந்தாலும் சிறைதான்.

வழக்குக்கும் சிக்கலா?

ஆமாம். அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சி அந்த முகத்தை செல்போனில் பார்த்துவிட்டால், "படத்தைப் பார்த்துத்தான் கைகாட்டினார்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். உண்மையான குற்றவாளியே தப்பிக்க வழி கிடைக்கும்.

அப்போ என்ன செய்யணும்?

* உடனே 100 அல்லது 112-க்கு அழையுங்கள்.
* பழைய பதிவுகள் தானாக அழிவதற்குள் காட்சியை காப்பி எடுங்கள். அசல் பதிவில் கை வைக்காதீர்கள்.
* காப்பியை புகாரோடு ஸ்டேஷனில் கொடுங்கள்.
* குரூப்பில் "பைக் காணோம், உஷார்" என்று மட்டும் போடுங்கள். முகம் வேண்டாம்.

பைக் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் தப்பான ஆளின் முகம் நூறு குரூப்புக்குப் போய்விட்டால், 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும் திரும்ப வராது.