அக்கரையில் ரிக்கற் எடுத்த கதை



போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது, என்னிடம் படிக்கும் பிள்ளையின் தகப்பன் குருநகர் ஜெற்றியடியில் மறித்தார். பிரான்சில் இருக்கும் மூத்த மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. தாயும் தகப்பனும் போக வேணும்.

"சேர், கொழும்பில இருந்து போறதை விட சென்னையில இருந்து ரிக்கற் மலிவாமே. மிச்சப்படுற காசில ஒரு செற் வலை வாங்கலாம். உண்மையோ, இல்லாட்டி ஏமாத்துறாங்களோ?"

"சில நாளில உண்மைதான் அண்ணை. ஆனா முழுக் கணக்கையும் பார்க்க வேணும்" என்றேன். றோட்டில் நின்று சொல்லி முடிக்கிற விசயமில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்றபடியால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். பலாலியிலிருந்து கட்டுநாயக்கா வான்வழியே ஏறத்தாழ 290 கிலோமீற்றர். திருச்சி ஏறத்தாழ 185 தான். யாழ்ப்பாணத்தானுக்கு வெளிநாட்டு விமான நிலையம் சொந்த நாட்டு விமான நிலையத்தை விடக் கிட்ட. ஆகவே அக்கரையில் பயணத்தைத் தொடங்குவது ஏஜென்சிக்காரர் நேற்றுக் கண்டுபிடித்த தந்திரமில்லை. எங்கட இடத்தின் அமைப்பே அப்படி.

1905 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நேரே றெயில் ஓடத் தொடங்கியது. 1914 மார்ச்சில் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பல் சேவை வந்தது. இங்கே றெயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்தால் இருபத்தைந்து மைலுக்கும் குறைந்த கடல்தான். அக்கரையில் இந்திய றெயில் காத்திருக்கும். கொழும்பில் எடுத்த ஒரே ரிக்கற்றில் சென்னை வரை போகலாம். அதைத்தான் பெரியவர்கள் 'போட் மெயில்' என்பார்கள்.

ஹஜ்ஜுக்கும் அந்த வழி உதவியது. அந்தக் காலத்தில் இந்த உபகண்டத்தின் பெரிய ஹஜ் துறைமுகம் பம்பாய். 1877 இல் தொடங்கி, பிறகு 'மொகல் லைன்' என்று பெயரெடுத்த கம்பனியின் கப்பல்கள் அங்கிருந்து ஜித்தா போயின. இலங்கை ஹாஜிகளில் ஒரு பகுதியினர் இந்தியாவைக் குறுக்கே றெயிலில் கடந்து பம்பாயில் கப்பல் ஏறினார்கள். போய்வர வழிவசதி உள்ளவருக்கே ஹஜ் கடமை என்கிறது மார்க்கம். கையில் உள்ள காசு எந்த வழிக்குப் போதுமோ அந்த வழியைத்தான் அவர்கள் தேடினார்கள்.

1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோனின் முதல் விமானம் பறந்தது. இரத்மலானையில் கிளம்பி, எங்கட காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ அல்ல, சென்னைக்கு!

இனி, ஒரே ஊருக்குப் போக இரண்டு நாட்டில் இரண்டு விலை ஏன்? விமானக் கட்டணம் தூரத்தை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. எங்கே போட்டி கூட, எந்த ஊர்ச் சனம் எவ்வளவு கொடுக்கும், எங்கே வரி குறைவு, எங்கே ஆசனம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் விலை. சென்னையிலிருந்து கிளம்பும் ஆக்கள் அதிகம், கம்பனிகளும் அதிகம். மீன் சந்தை மாதிரித்தான். அதே மீன், ஆனால் வாங்க எத்தனை பேர், விற்க எத்தனை பேர் என்பதைப் பொறுத்து விலை மாறும்.

இதற்கு நல்ல உதாரணம் பேர்லின். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கிழக்கு ஜேர்மனியின் 'இன்டர்ஃபுளூக்' கம்பனிக்கு வெளிநாட்டுக் காசு தேவைப்பட்டது. அதனால் மலிவாக ரிக்கற் விற்றது. மேற்கு பேர்லினில் வேலை செய்த துருக்கியர்கள் எல்லை கடந்து, கிழக்கிலுள்ள ஷோனஃபெல்ட் விமான நிலையத்துக்குப் போய் இஸ்தான்புல்லுக்கு ஏறினார்கள். அதே விமான நிலையத்தில்தான் 80களில் எங்கட பெடியள் எதிர்த்திசையில் வந்து இறங்கினார்கள். மொஸ்கோ வழியாக வந்து, கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர றெயிலில் மேற்குக்குப் போனார்கள். 1985 இல் அந்த வாசல் தமிழருக்கு இறுக்கப்பட்டது. ஜேர்மனியில் சொந்தக்காரர் உள்ள வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

வாசல் மூடினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாததா? 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984 இல் நின்றது. எயர் சிலோன் 70களின் கடைசியில் மூடப்பட்டது. பலாலி படைத்தளமானது. வெளிநாடு போக கொழும்பு ஒன்றே வழி என்றானது. கொழும்புக்கும் வழியில்லை. கிளாலியில் இரவில் வள்ளம், பாஸ், சோதனைச் சாவடி, லொட்ஜ் வாடகை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கட சனம் புத்தளத்தில் முகாமில் இருந்தது. 2006 இல் ஏ9 மறுபடி மூடப்பட்டபோது கொழும்பு போவதற்கே கப்பலையோ விமானத்தையோ பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அந்த வருசங்களில் நீண்ட பயணத்தின் கஷ்டமான துண்டு, வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்கா வரைதான்.

இப்போது வாசல்கள் திறந்திருக்கின்றன. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சென்னை சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. 2025 மார்ச்சில் திருச்சி விமானமும் வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். போட் மெயிலில் றெயிலும் கப்பலும் ஒரே ரிக்கற். கப்பல் பிந்தினாலும் பயணி அவர்கள் பொறுப்பு. இன்று யாழ்ப்பாணம் – சென்னை ஒரு ரிக்கற், சென்னை – பாரிஸ் இன்னொரு ரிக்கற் என்று தனித்தனியாக எடுத்தால், முதல் துண்டு பிந்தினால் இரண்டாவது விமானம் உங்களுக்காக நிற்காது. என் மாமிக்கு நடந்தது இது. உம்ராவுக்குச் சேர்த்த காசு. காலநிலையால் முதல் பயணம் ரத்தாகியது, அக்கரையில் ஏற வேண்டிய விமானம் போய்விட்டது. அந்தக் கம்பனி ஒரு சதமும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாமி இரண்டு வருசம் திரும்பச் சேர்த்துத்தான் போனா.

ஆகவே அந்த அண்ணைக்கு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன்:

1. தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேணும். அதற்கு இந்திய விசா வேணும், திரும்பி வரும்போதும் வேணும்.

2. இரண்டு விமானத்துக்கும் இடையில் ஒரு இரவாவது விடுங்கள். அறை வாடகை, சாப்பாடு, ஓட்டோக் காசு எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். மாரி காலத்தில் கப்பலை நம்பவே வேண்டாம்.

3. பலாலிக்கு வருவது சிறிய விமானம். எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று முதலே கேளுங்கள். பேரப்பிள்ளைக்குக் கட்டுகிற பொதி பாரம்தானே.

4. சென்னையில் தொடங்கும் ரிக்கற்றை எடுத்துவிட்டு, முதல் துண்டை விட்டு நடுவில் கொழும்பில் ஏற முடியாது. முதல் துண்டில் ஏறாவிட்டால் மிச்சம் எல்லாம் ரத்தாகும்.

5. இது உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு: ஹஜ்ஜுக்கு இந்த வழி இல்லை. 1988 இலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் கோட்டா. நாங்கள் இலங்கைக் கோட்டாவில்தான் போக வேணும்.

அண்ணை வீட்டிலே மனிசியோடு இருந்து கூட்டிப் பார்த்திருக்கிறார். மிச்சம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மனிசிக்குச் சீனி வருத்தம், முதல் தடவை விமானம் ஏறப்போறா. கொழும்பிலிருந்தே ஒரே ரிக்கற்றாக எடுத்துவிட்டார்கள்.

"அப்ப வலை?" என்று கேட்டேன்.

"பேரனைப் பாத்திட்டு வந்து உழைப்பம் சேர்" என்றார்.

தனியாகப் போகிற, உடம்பில் தெம்புள்ள, ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை என்கிற இளம் பிள்ளைக்கு அதே கணக்கு வேறு மாதிரி வரலாம். அவர்கள் தாராளமாக அக்கரையால் போகட்டும். திருச்சி, சென்னை வழியாகப் போய் வந்தவர்கள் உங்கட உண்மையான செலவை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். ரிக்கற் விலையை மட்டும் சொல்லாதீர்கள், முழுக் கணக்கையும் சொல்லுங்கள்.

எல்லோருடைய பயணமும் லேசாகட்டும்.