கரிசலின் ஆழமும் நகர வரைபடமும்

விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர் தொடங்கிக் கோவில்பட்டி வரை விரியும் கரிசல் பூமியில், மண்ணை முதலில் வகைபிரித்தது உழவும் தீர்வையும்தான். ரயத்துவாரி ஊர்களில் வருவாய்த்துறை கரிசல், செவல், மணல் எனத் தரம் பார்த்து வரி விதித்தது. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோதும், மானாவாரிப் பருத்தியும் சோளமும் இந்த மண்ணில் எப்படி விளையும் என்பதே கேள்வி. இதே மண் ஒரு சுவரை எப்படித் தாங்கும் என்று கேட்க வேண்டிய தேவை பின்னால் வந்தது.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை திறக்கப்பட்டது. பஞ்சும் பின்னர் தீப்பெட்டியும் கோவில்பட்டியை நகரமாக்கின. நகரம் வளர்ந்தது கரிசல் காடுகளின் மீது.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் மிகுதி. ஈரம் பட்டால் அது வீங்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. மண் முழுவதும் ஒரே சீராக வீங்கினால் வீட்டுக்குப் பெரிய கேடில்லை. ஒரு மூலை நனைந்து மறு மூலை காய்ந்திருக்கும்போதுதான் சுவர் விரிசல் விடுகிறது. கழிவுநீர்த் தொட்டி, ஒழுகும் குழாய், பூசப்படாத வாறுகால், சுவரை ஒட்டி நீரை உறிஞ்சும் பெரிய மரம் எல்லாமே இந்த வேற்றுமையை உண்டாக்கும். வீட்டைச் சுற்றி நீரைப் புழங்கவிடும் நகர வாழ்க்கை, மழையைவிட மோசமாக மண்ணை ஓரவஞ்சனையாக நனைக்கிறது. இந்த இடத்தில்தான் இது பொறியாளரின் சிக்கலாக மட்டும் நில்லாமல் நகரத் திட்டமிடலின் சிக்கலாகிறது.

கட்டுமான அறிவு பின்தங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. வானம் தோண்டிக் கரிசலை அப்புறப்படுத்தி மணலோ கிராவலோ நிரப்பும் வழக்கம் கொத்தனார்களிடம் உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. குமிழின் விட்டம் வழக்கமாகத் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறும் மேலடுக்கைத் தாண்டி, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில் அது ஊன்றி நிற்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஆர். கே. கட்டி, வீங்காத களிமண்ணை ஓர் அடுக்காகப் பரப்பிக் கரிசலின் எழுச்சியை அடக்கும் முறையை 1970-களில் முன்வைத்தார்.

திட்டமிடும் சட்டம் வேறு பாதையில் போனது. 1920-ஆம் ஆண்டு சென்னை நகரத் திட்டச் சட்டத்துக்குப் பின் வந்த 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நிலம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பயன்பாட்டால் பிரிகிறது. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. சாலை, திறந்தவெளி, கட்டணம் ஆகியவையே அங்கு பேசுபொருள். தீர்வைக்காக மண்ணின் தரத்தைப் பதிந்த அரசுக்கு, வீட்டுக்காக அதைப் பதிவது கடினமான வேலையல்ல என்றே நான் கருதுகிறேன்.

கரிசலுக்கு அடியில் சுக்கான்பாறையோ வேறு உறுதியான அடுக்கோ எத்தனை அடியில் தட்டுப்படுகிறது என்பதை ஒவ்வொரு கிணறும் ஆழ்துளையும் வானமும் காட்டிவிடுகின்றன. அந்த ஆழத்தைக் கட்டட அனுமதிக் கோப்பிலேயே எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் வார்டு வாரியான வரைபடம் கிடைத்துவிடும். களி ஆழமாக உள்ள பகுதிகளில் மனை பிரிக்கும் முன்பே வாறுகாலைப் பூசி முடிக்கச் சொல்லவும், கழிவுநீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே கூடுதல் தூரம் விதிக்கவும் நகராட்சிக்கு அப்போது ஆதாரம் இருக்கும்.