வரிப் புத்தகத்தில் ஒரு பெயர்

கடல் கடந்த தமிழரின் வரலாறு பெரும்பாலும் பொருள் ஈட்டியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கணக்கெழுதியும் சிறுகடை வைத்தும் பிழைத்த எளியோர் அதில் அருகியே காணப்படுவர். அவர்களுள் ஒருவரான என் அப்பத்தாளை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விழைகிறேன்.

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் ஐராவதிக் கழிமுகம் நெல்வயலாகத் திருத்தப்பட்டது. நகரத்தார் கடன் கொடுத்தனர். தமிழ்த் தொழிலாளர் வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் அவர்களே.

சிவகங்கைச் சீமையில் பிறந்த அப்பத்தாள், 1938இல் தம் பதினாறாம் வயதில் மணமுடித்து, சென்னையில் கப்பலேறினார். பாட்டனார் இரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளை. ஆண்டுதோறும் ஐயனார் கோயிலுக்குரிய தலைக்கட்டு வரியை மணியார்டரில் அனுப்புவது அவர்கள் வழக்கம். பாட்டனார் மறந்தாலும் அப்பத்தாள் மறந்ததில்லை.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டனர். கால்நடையாக வந்தோருள் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். கைக்குழந்தையுடன் இருந்த அப்பத்தாள் அங்கேயே தங்கினார். தபால் நின்றது, நான்கு ஆண்டுகள் வரியும் நின்றது. போர் முடிந்தபின் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகள் செல்லாமற்போயின. ஆயினும் 1946இல் தம் காப்பு ஒன்றை விற்று, நான்காண்டு நிலுவையையும் ஒருசேர அனுப்பினார்.

1962இல் இராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. பாட்டனார் பின்னாளில் வைத்திருந்த மளிகைக்கடையும் போயிற்று. அகதிக் கப்பலில், ஒரு தகரப் பெட்டியுடன் குடும்பம் ஊர் திரும்பியது.

ஊரிலோ, “பர்மாக்காரர்களுக்கு இங்கே ஏது மனை?” என்றனர் பங்காளிகள். வழக்கு ஐயனார் கோயில் வாசலுக்கு வந்தது. பெரியவர்கள் வரிப் புத்தகத்தைப் பிரித்தனர். 1938 தொடங்கிப் பாட்டனார் பெயருக்கு நேரே பற்று எழுதியிருந்தது. போர்க்கால நான்காண்டுகளுக்கு எதிரே ‘நிலுவை வரவு’ என்றிருந்தது. மறுபேச்சின்றி மனை அளந்து விடப்பட்டது. என் தந்தையார் மணமுடித்ததும் நான் பிறந்ததும் அம்மனையில் எழுந்த வீட்டில்தான்.

“ஊரு வரிய நிறுத்திப்புட்டா, ஊருல நமக்கு ஏதுடா எடம்?” என்று அப்பத்தாள் கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. 2004இல் அவர் மறைந்தார். இரயில்வேப் பணியின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நான், அவ்வரியை ஆண்டுதோறும் தவறாது செலுத்தி வருகிறேன்.

நம் சங்கப் பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் வாயிலில் நிற்கும்போதெல்லாம் அப்பத்தாளின் நினைவே வருகிறது. அதனாலேயே அவரை ஒருநாளும் ‘நாளை வாருங்கள்’ என்று நான் திருப்பி அனுப்பியதில்லை.