பெயர் எழுதிய சுவர்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிராகாரத்தில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்து வியக்கிறோம். ஒருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு கிழவி இருந்தாள். இளம் வயதில் கோயிலில் ஆடியவள் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஒருநாள், "பாட்டி, உங்க பேரென்ன?" என்று கேட்டுவிட்டேன். "பேரா? அது கோயிலோட போச்சு, மக்களே" என்று சிரித்தாள்.

தெற்குத் திருவிதாங்கூர்க் கோயில்களில் தேவதாசி முறை 1930-ல், சேது லட்சுமிபாய் ஆட்சியில், நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1947-ல் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள்தாம். ஆனால் கிழவியின் பதில் என்னை விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு தஞ்சைப் பெரிய கோயில் சுவர்தான் எனக்கு வேறொரு பதில் சொல்லிற்று.

ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு பெண்களை வரவழைத்துத் தளிச்சேரியில் குடியேற்றினான். அந்த நானூறு பேரையும் தெரு, சிறகு, வீட்டு வரிசை, பழைய கோயில் ஆகியவற்றோடு கல்லில் வெட்டச் செய்தான். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தால் நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும்.

பெயர்களைப் பாருங்கள். சேரமங்கை, தில்லையழகி, சோழகுலசுந்தரி. திருவையாறு என்று ஊரையே பெயராகக் கொண்டவள் ஒருத்தி. பரவை என்றால் திருவாரூரும் சுந்தரரும் நினைவுக்கு வருவார்கள். அருமொழி, அரசனின் சொந்தப் பெயர். எடுத்தபாதம் என்றும் ஒருத்தி! தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடி. ஆடப் பிறந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஜப்பானிய கெய்ஷா தொழிலுக்கு வரும்போது, அக்காள் முறையான மூத்தவளின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொள்வது வழக்கம். அந்த எழுத்தைக் கண்டதும் அவள் யார் வழி வந்தவள் என்பது தெரிந்துவிடும். நம் தளிச்சேரிப் பெண்களின் பெயர்களுக்கு முன்னும் ஒரே சொல் வருகிறது: நக்கன். அது சிவனுக்குரிய பெயர். தகப்பன் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் அது நிற்கிறது.

அந்தச் சொல் அவர்களுக்குப் பெருமையா, விலங்கா? இரண்டுமாக இருந்திருக்கும். கடவுளைத் தகப்பனாகப் பெற்றவளுக்கு வேறு வீடு கிடையாது. ஆனாலும் சுமார் 1014-ல் வெட்டிய கல்லில் எடுத்தபாதம் தன் வீட்டு வரிசையோடு இன்றும் இருக்கிறாள். எங்கள் தெருக் கிழவியோ, அவள் வாழ்ந்த நாளிலேயே பெயரில்லாமல் போனாள். முறையை ஒழித்தவர்கள் அவள் பெயரைப் பறிக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசிய நாங்கள்தான் பறித்தோம்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.