வேடர்: கணக்கில் மறைந்த மக்கள்

வேடர் இலங்கையின் ஆதிக்குடிகள். தம்மை 'வன்னியலா எத்தோ', அதாவது காட்டில் வாழ்வோர், என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்று வேடர் என்றதும் தம்பானை என்ற ஊர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இவர்களைப் பற்றிய மிகப் பழைய கதை ஹட்டனை அடுத்த மலைகளில் நிகழ்கிறது. இயக்கரை அழித்து இலங்கையை ஆண்ட விஜயன் கைவிட்ட, இயக்கர் குலத்து மனைவி குவேனி கொல்லப்பட்டபின் அவளுடைய மகனும் மகளும் சிவனொளிபாதமலைப் பக்கம் தப்பியோடி, மலைநாட்டில் பெருகினார்கள், அவர்கள் வழிவந்தோரே புளிந்தர் என்கிறது பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம். புளிந்தரை வேடராகவே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். இது வரலாறல்ல, புராணம். ஆனாலும் அழிவிலிருந்து தப்பிய இருவரே ஒரு குடியின் தொடக்கம் என்ற நினைவு, அழித்தவர் தரப்பின் நூலிலேயே பதிந்திருப்பது கவனிக்கத்தக்கது.

மண்ணிலுள்ள சான்று இன்னும் பழையது. ஹட்டன்–அவிசாவளை வீதியிலுள்ள கித்துல்கலைக்கு அருகே, பெலிலென குகையில், 10,000 ஆண்டுகளுக்கும் முந்திய மனித எலும்புகளும் சிறு கற்கருவிகளும் கிடைத்துள்ளன. 'பலாங்கொடை மனிதர்' எனப்படும் அந்த வேட்டைக்குடிகளுக்கும் வேடருக்கும் உடலமைப்பில் நெருக்கம் உண்டென்பது எலும்புகளை ஆராய்ந்தோர் முடிவு.

கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரின் ஒரு வழக்கத்தைப் பதிந்திருக்கிறார். அம்பு வேண்டுமானால் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அதேபோல் செய்துகொடுத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஏதோ ஓர் இரவில் அவன்மேல் அம்பு பாயும். ஊராருக்கு முகம் காட்டாமலே ஊரோடு உறவு வைத்திருந்த மக்கள் இவர்கள்.

உரிமைப் பத்திரம் இல்லாத காட்டை அரசுக்குரியதாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாழ்வின் அடித்தளத்தையே பெயர்த்தது. மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாகவும் பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. அந்தக் காடுகளை வெட்டித் திருத்த அழைத்துவரப்பட்டவர்களில் மலையகத் தமிழராகிய நம் முன்னோரும் இருந்தார்கள்.

வேடரே ஓர் இனத்தை அழித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நிட்டேவோ என்ற குள்ள மனிதரைக் குகைக்குள் அடைத்து, வாசலில் தீமூட்டிக் கொன்றதாகச் சொல்லப்படும் அதை 1886இல் ஹியூ நெவில் எழுதினார். நிட்டேவோ வாழ்ந்ததற்கு உறுதியான எலும்புச் சான்று எதுவும் இல்லை.

மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல், வேடர் விரைவில் கலந்து மறைவார்கள் என்ற எண்ணத்தைப் பரப்பியது. குடிசன மதிப்பீடும் அதையே காட்டுவதுபோல் இருந்தது: 1946இல் 2,361 பேர், 1953இல் 803, 1963இல் 400. அதன்பின் தனிப் பிரிவே கைவிடப்பட்டது. இத்தனை பேரும் இறந்துவிடவில்லை. பலர் சிங்களவராக, தமிழராகப் பதியப்பட்டார்கள். மலையகத் தமிழர் பலர் 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்ததால் நம் தொகை குறைந்து தெரிவதைக் கண்ட நமக்கு இது புரியாததல்ல.

இடம்பெயர்வு மட்டும் நிற்கவில்லை. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் வேட்டை நிலங்கள் நீரில் மூழ்கின. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது எஞ்சிய காடும் பறிபோனது. வேடர் தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்து, 1998இல் இறக்கும்வரை தம்பானையிலேயே வாழ்ந்தார். அவர் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா. ஆதிக்குடிகள் செயற்குழுவின் முன் தம் மக்களின் வழக்கை எடுத்துரைத்தார்.

கிழக்குக் கரையில் வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிகளிலும் வேடர் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். கணக்கிலும் பெரும்பாலும் தமிழரே.