‘ஏர் ஹார்ஸ்’ விபத்தும் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர் மரபும்

யுத்தத்திற்குப் பிந்தைய பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களின் வரலாற்றை எனக்கு முன் எழுதிய ஆசிரியர் ஒருவர், 1950 ஜூன் 13ஆம் தேதி ஈஸ்ட்லீ அருகே சியர்வா கம்பெனியின் ‘ஏர் ஹார்ஸ்’ விழுந்து நொறுங்கிய அன்றே அந்நாட்டின் சுயமான ஹெலிகாப்டர் மரபு அழிந்ததென்றும், ஓர் உடலில் மூன்று சுழலிகளைப் பூட்டிய பேராசையே அதற்கு மூலகாரணமென்றும் தீர்ப்புக் கூறியுள்ளார். அவருடைய உழைப்பின்பால் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இத்தீர்ப்பின் இரு பகுதிகளையும் ஏற்க இயலவில்லை.

பயிருக்கு மருந்து தெளிப்பதற்கென்று கருக்கொண்ட அந்த யந்திரம் 17,500 ராத்தல் எடையுடையது. அந்நாளில் உலகிலேயே பெரிய ஹெலிகாப்டர் அதுதான். தலா 47 அடி விட்டமுள்ள மூன்று சுழலிகளையும் ஒற்றை மெர்லின் எஞ்சின் ஒரே திசையில் சுழற்ற, உடல் எதிர்த்திசையில் திரும்பிவிடாதபடி அவற்றின் அச்சுகளைச் சற்றே சாய்த்திருந்தார்கள். இவ்விசித்திர அமைப்பைப் பார்த்தவுடன் அதன்மீதே பழி சுமத்தத் தோன்றுவது இயல்பு. ஆனால் முறிந்தது எது? முன்சுழலியின் மையத்திலே, இலைகளின் கோணத்தை மாற்றும் சாய்தட்டின் தாங்கியை உடன்சுழற்றுகின்ற சிறு இணைப்புத் துண்டு. முறித்தது உலோகச் சோர்வு. ஒற்றைச் சுழலியுடைய யந்திரத்திலும் இத்தகைய உறுப்புகள் ஓயாமல் மாறிமாறி வரும் விசையைத் தாங்கியே தீரவேண்டும்.

இதற்குப் பதினான்கு மாதம் முன்னர், 1949 ஏப்ரல் 17ஆம் தேதி, ஃபேரி கம்பெனியின் ‘ஜைரோடைன்’ விழுந்ததை அவ்வாசிரியர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். 1948 ஜூன் 28ஆம் தேதி மணிக்கு 124.3 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனை புரிந்த அந்த ஒற்றைச் சுழலி யந்திரத்தை வீழ்த்தியதும் சுழலித் தலையில் நேர்ந்த உலோகச் சோர்வே. உருவத்தில் யாதொரு சம்பந்தமுமில்லாத இரண்டு யந்திரங்கள் ஒரே நோயால் மடிந்தன என்றால், குற்றம் உருவத்தினுடையதன்று. சுழலி உறுப்புகளின் ஆயுளைக் கணிக்கும் சாஸ்திரம் அன்று முதிர்ந்திராமையே.

இனி, மரபு அழிந்ததென்ற கூற்று. ஏர் ஹார்ஸ் முதன்முதல் தரையைவிட்டு எழுந்தது 1948 டிசம்பர் 7ஆம் தேதி என்று சில நூல்களும், 8ஆம் தேதி என்று வேறு சிலவும் குறிக்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தள்ள நான் துணியவில்லை. எதைக் கொண்டாலும், அமெரிக்க சிக்கோர்ஸ்கியிடம் லைசென்ஸ் பெற்று வெஸ்ட்லாண்ட் கட்டிய யந்திரம் அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதியே பறந்துவிட்டது. அந்நிய வடிவத்தைத் தழுவும் முடிவு விபத்துக்கு வெகுமுன்னரே செய்யப்பட்டது. கையில் உடனே கிடைக்கும் யந்திரத்தை விரும்பிய கடற்படையின் அவசரமே அதற்கு ஆதாரமாயிருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதே வேளையில் ஹாஃப்னர் வகுத்த பிரிஸ்டல் ‘சிக்கமோர்’, அமெரிக்க எஞ்சினோடு பிறந்து பின்னர் ஆல்விஸ் லியோனைட்ஸ் எஞ்சினுக்கு மாறி, விபத்துக்குப் பின்னரும் தொடர்ந்து உற்பத்தியாகி, மேற்கு ஜெர்மனிக்கும் விற்கப்பட்டது.

நஷ்டத்தை நான் சிறிதாக்கவில்லை. சிக்கமோரை 1947 ஜூலையில் முதன்முதல் பறக்கவிட்ட ஆலன் மார்ஷ், ஏர் ஹார்ஸில் மாண்ட மூவருள் ஒருவர். அத்தகைய அனுபவசாலி எளிதில் கிடைப்பவரல்லர். சியர்வாவுக்குப் பொருளுதவி செய்துவந்த வெயர் குழுமமும் பின்வாங்கியது. அக்கம்பெனியைப் பொறுத்தமட்டில் அவ்வாசிரியர் சொல்வது மெய். எனினும் அதன் சிறிய ‘ஸ்கீட்டர்’ 1951இல் சாண்டர்ஸ்-ரோவிடம் சென்று, தரையில் நிற்கும்போதே அதிர்ந்து குலையும் தொல்லையோடு பல ஆண்டுகள் போராடி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேவைக்கு வந்தது.